மூன்று சில்லு வாங்கும் முன் ஒழுங்கையைப் பாருங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளை பிறக்க இருக்கும் வீட்டார் கட்டாயம் வாசியுங்கள். பிள்ளைகளை வளர்த்து முடித்த வீட்டார் அதைவிடக் கட்டாயமாக வாசியுங்கள். ஏனென்றால் ஒழுங்கையை மறித்து வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் நீங்கள்தான்.

“சேர், பிள்ளைக்கு ஸ்ட்ரோலர் எடுக்கப் போறம். மூணு சில்லு நல்லமா, நாலு சில்லு நல்லமா?” ஆசிரியர்களாகிய எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. பெட்டியில் இங்கிலீஷில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வோம் என்ற நம்பிக்கையில் படத்தையும் அனுப்புகிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “எந்த ஒழுங்கையில் தள்ளப் போறீங்க?” அதற்குப் பதில் வருவதில்லை. “கறுப்பா, சாம்பலா?” என்ற அடுத்த கேள்விதான் வருகிறது.

நடப்பதைச் சொல்கிறோம். வாப்பா கட்டாரில் இருக்கிறார், அல்லது சவூதியில், துபாயில். விடுமுறை நாளில் கண்ணாடி போல மினுங்கும் தரையுள்ள கடைத்தொகுதிக்குப் போகிறார். வண்டியை ஒரு விரலால் தள்ளிப் பார்க்கிறார். வழுக்கிக்கொண்டு போகிறது. கார்கோவில் போட்டு அனுப்புகிறார். இங்கே நாற்பது அன்று பிள்ளையை அதில் கிடத்திப் படம் எடுக்கிறார்கள். மாஷா அல்லாஹ் என்று நூறு பேர் எழுதுகிறார்கள். அடுத்த கிழமை உம்மா அதை வெளியே எடுக்கிறார். கேட்டைத் தாண்டியதும் முன் சில்லு மணலில் புதைகிறது. இழுத்தெடுத்தால் அடுத்து வடிகான் மூடியின் இடைவெளி. அதைத் தாண்டினால் ஒழுங்கையின் நடுவில் யாரோ இறக்கிய கருங்கல் குவியல். அன்றோடு வண்டி மாடிப்படிக்குக் கீழே போகிறது. பிறகு அதில் கிடப்பது மடிக்காத உடுப்புத்தான்.

குற்றம் வண்டியிலா? பாதியளவு. மீதிக் குற்றம் எங்கே என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் வண்டியின் பாதி.

மூன்று சில்லு வண்டி ஏன் வந்தது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்றும் தெரியும். 1965 இல் இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் என்ற பொறியியலாளர் குடை போல மடியும் இலேசான வண்டியை வடிவமைத்தார். ஸ்பிட்பயர் போர் விமானத்தின் இறங்கு சில்லுகளில் வேலை செய்தவர் அவர். அலுமினியக் குழாய், சின்னச் சின்னச் சில்லுகள். நடைபாதை உள்ள ஊருக்கு, பஸ்ஸில் மடித்து ஏற்றும் ஊருக்கு ஏற்ற சாமான். மூன்று சில்லு வண்டியின் கதை வேறு. 1984 இல் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் யாகிமா என்ற ஊரில், ஓட்டப் பயிற்சியில் ஆர்வமுள்ள பில் பேக்லர் என்ற பத்திரிகையாளர், தன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓடுவதற்காக ஸ்ட்ரோலரில் பைசிக்கிள் சில்லுகளைப் பூட்டினார். கரடுமுரடான பாதைக்கென்று பிறந்தது அது. அதன் உயிர் சில்லின் எண்ணிக்கையில் இல்லை, சில்லின் பருமனிலும் காற்றிலும் இருக்கிறது.

இப்போது கடைகளில் மூன்று சில்லு என்று விற்கப்படுபவற்றில் பல, உருவத்தில் அந்த வண்டி, சில்லில் இந்த வண்டி. சாயத்தேத்தண்ணிக் கோப்பைத் தட்டளவு பிளாஸ்டிக் சில்லு மூன்று. மெக்லாரனின் இலேசும் இல்லை, பேக்லரின் பலமும் இல்லை.

முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும். பள்ளமும் மேடுமான தரையில் நான்கு காலில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும். மூன்று கால் என்றால் மூன்றும் தரையைத் தொடும். இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் விஷயம். அதனால்தான் நம் ஒழுங்கைக்கு, பெரிய காற்றுச் சில்லு உள்ள மூன்று சில்லு வண்டி நல்லம் என்று சொல்கிறோம். ஆனால் முக்காலியின் மறுபக்கமும் உண்டு. அதன் ஓரத்தில் ஏறி நின்றால் கவிழும். மூன்று சில்லு வண்டியின் முன் இரண்டு மூலைகளுக்கும் கீழே ஒன்றுமில்லை. வேகமாகத் திருப்பும்போது, அல்லது பின் சில்லு ஒன்று கல்லில் ஏறும்போது, அந்த மூலைப் பக்கம் சரியப் பார்க்கும். தள்ளும் கைப்பிடியில் மரக்கறிப் பேக்கைக் கொளுவினால் பின்பக்கம் மல்லாந்து விழும். பாரத்தைப் பிள்ளையின் இருக்கைக்குக் கீழே உள்ள கூடையில் வையுங்கள், கைப்பிடியில் வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

ஒன்று, சில்லு. எங்கள் கரையோர மணலுக்குப் பெரிய சில்லு வேண்டும். சின்னச் சில்லு புதையும். காற்றுச் சில்லு குலுக்கலைத் தாங்கும், ஆனால் முள்ளுக்கும் போத்தல் ஓட்டுக்கும் ஓட்டையாகும். பெரும்பாலானவற்றின் வால்வு மோட்டார் சைக்கிள் டியூபில் உள்ளது போன்றதே, பைசிக்கிள் கடையில் காற்றடிக்கலாம். டியூபின் அளவை வாங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் டியூப் கிடைக்காவிட்டால் நுரைச் சில்லு வாங்குங்கள். கடற்காற்றில் இரும்பு கறள் பிடிக்கும், அச்சில் மணல் புகும். கழுவித் துடைத்து எண்ணெய் போடுவது யார் என்பதையும் வாங்கும் அன்றே தீர்மானியுங்கள்.

இரண்டு, முன் சில்லு. அது திரும்பவும் வேண்டும், நேராகப் பூட்டவும் வேண்டும். கடைத்தெருவில் திரும்பட்டும், மணலிலும் கல்லிலும் பூட்டி வையுங்கள். கழற்றக்கூடிய சில்லு என்றால் அது இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். 2018 இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு, பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின் பொப் என்ற மூன்று சில்லு வண்டிகள் தொடர்பாக முறைப்பாடு தாக்கல் செய்தது. பிடி சரியாக இறுகாமல் முன் சில்லு கழன்ற சம்பவங்கள் ஏறத்தாழ 200 பதிவாகியிருந்தன. காயப்பட்டவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள், தள்ளிய பெரியவர்களும் இருந்தார்கள். பெயர்பெற்ற நிறுவனத்தின் விலை கூடிய வண்டி அது. விலையைப் பார்த்து நிம்மதியாக இருக்க முடியாது.

மூன்று, பிரேக்கும் பட்டியும். காலால் மிதித்தால் பின் சில்லு இரண்டும் நிற்க வேண்டும். கைப்பிடியில் மணிக்கட்டில் போடும் பட்டி இருந்தால் இன்னும் நல்லம், கை வழுக்கினாலும் வண்டி ஓடாது. பிள்ளைக்கு ஐந்து முனைப் பட்டி: தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. இடுப்புக்கு மட்டும் பட்டி உள்ள வண்டியைக் கடையிலேயே விட்டு வாருங்கள்.

நான்கு, இருக்கை. கழுத்து நிற்காத பிள்ளையை நிமிர்த்தி இருத்தக்கூடாது. தலை முன்னால் சரிந்தால் மூச்சு முட்டும். மட்டமாகச் சாய்க்க முடிந்த இருக்கை வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடும் வேலையே வேண்டாம்.

ஐந்து, மடிப்பு. 2009 இல் மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற ஏறத்தாழ பத்து இலட்சம் வண்டிகளுக்கு மூட்டு உறை கொடுக்க வேண்டி வந்தது. காரணம், மடிப்பு மூட்டில் சிக்கிப் பிள்ளைகளின் விரல் நுனி துண்டான 12 சம்பவங்கள். மடிக்கும்போதும் விரிக்கும்போதும் பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். மடித்தால் ஓட்டோவுக்குள் போகுமா என்றும் பாருங்கள். ஒரு த்ரீவீலுக்குள் இன்னொரு த்ரீவீல் ஏற வேண்டும், அதுதான் எங்கள் வாழ்க்கை.

ஆறு, அகலம். உங்கள் வீட்டுக் கதவையும், சின்னக் கேட்டையும், ஒழுங்கையின் மிக ஒடுங்கிய இடத்தையும் அளந்து எழுதி வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்புங்கள். வண்டியின் படத்தை அவர் உங்களுக்கு அனுப்புவதற்கு முன் இது போக வேண்டும்.

இன்னொன்று. கண்ணூறு படும் என்று வண்டியைத் துணியால் இறுக்கி மூடுகிறார்கள். எங்கள் வெயிலில் அது அடுப்பு. உள்ளே காற்றுப் போகாது, சூடு ஏறும், பிள்ளை வாடுவதும் வெளியே தெரியாது. நுளம்புக்கு மெல்லிய வலை போடுங்கள். கண்ணூறுக்கு ஓதுங்கள், துணி வேண்டாம்.

கடையில் சோதிக்கும் விதமும் லேசு. ஐந்து கிலோ அரிசிப் பேக் இரண்டைக் கொண்டுபோய் இருக்கையில் வையுங்கள். ஒரு வயதுப் பிள்ளையின் பாரம் ஏறத்தாழ அதுதான். கடைக்கு வெளியே எடுத்து வீதி ஓரத்தில் தள்ளிப் பாருங்கள். கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

சரி, சரியான வண்டியை வாங்கிவிட்டீர்கள். இனி எங்கே தள்ளுவது?

“இதெல்லாம் வெள்ளைக்காரன்ட பழக்கம், எங்கட உம்மாமார் இடுப்பிலதான் வளத்தாங்க” என்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. உங்கள் உம்மா உங்களை இடுப்பில் வைத்து நடந்த காலத்தில் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் எத்தனை? இன்று அதே ஒழுங்கையில் பிள்ளையை எப்படிக் கொண்டு போகிறீர்கள்? வாப்பா ஓட்டுகிறார். முன்னால் பெற்றோல் தாங்கியில் மூத்த பிள்ளை. பின்னால் ஒரு பக்கமாக இருக்கும் உம்மாவின் மடியில் கைக்குழந்தை. உம்மாவின் மற்றக் கையில் பேக். அபாயாவின் நுனி பின் சில்லுக்கு நாலு விரல் தூரத்தில். ஹெல்மட் போட்டிருப்பவர் வாப்பா மட்டும். வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்தில் மௌத்தாகும் நாடு இது. அபாயா சில்லில் சிக்கியது என்ற செய்தியை நம்மில் கேள்விப்படாதவர் யார்? இதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை, புதினமாகவும் பார்ப்பதில்லை. ஒரு பெண்பிள்ளை தன் குழந்தையைப் பட்டி போட்டு வண்டியில் இருத்திக் கிளினிக்குக்கு நடந்து போனால் மட்டும் மதிலுக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்க்கின்றன. “நாப்பது கழிஞ்சதும் ஊர்சுத்த வெளிக்கிட்டுட்டா” என்று கதை.

அவர் எங்கே போகிறார்? இரண்டு மாதத்தில் ஊசி. நாலு மாதத்தில் ஊசி. ஆறு மாதத்தில், ஒன்பது மாதத்தில், ஒரு வயதில், ஒன்றரை வயதில் ஊசி. இடையில் நிறை பார்க்க, மிட்வைஃப் மிஸ்ஸைக் காண. வாப்பா வெளிநாட்டில். உம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஒவ்வொரு முறையும் ஓட்டோக் காசு, அல்லது யாராவது ஒரு தம்பியின் மோட்டார் சைக்கிளைக் காத்து நிற்பது. ஐந்நூறு யார் தூரத்தை நடந்து போக முடியாமல் நமது பெண்பிள்ளைகளை வைத்திருப்பது மார்க்கமா, ஒழுங்கையா? மார்க்கத்தின் மேல் பழி போடாதீர்கள். வேலை ஒழுங்கையில் இருக்கிறது.

ஆண்கள் வண்டி தள்ளினால் சிரிக்கிறவர்களுக்கும் ஒன்று. ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் மகள் ஸைனபின் பிள்ளை உமாமாவைச் சுமந்தபடியே தொழுவித்தார்கள் என்பது புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. பள்ளிக்குள், தொழுகைக்குள், எல்லோரும் பார்க்க. அந்த உம்மத்தில் உள்ள ஒருவருக்குத் தன் பிள்ளையின் வண்டியைத் தள்ள வெட்கம் எங்கிருந்து வந்தது? அஸருக்குப் பிறகு சந்தியில் நின்று தேர்தல் கதைக்கும் வாப்பாமார் அரை மணி நேரம் வண்டியைத் தள்ளட்டும். பாதை எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தால்தான் திருந்தும்.

இனி ஒழுங்கையின் பாதி.

காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ-4 வீதியோரம் உள்ள நம் ஊர்களின் கதை ஒன்றுதான். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். வளவை இரண்டாக்கினோம், நாலாக்கினோம். உள்ளே போன ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாதை விட வேண்டியிருந்தது. விட்டது ஆறடி. பிறகு மதில் அரை அடி வெளியே வந்தது. கேட்டுக்கு முன்னால் கார் ஏறுவதற்கு ஒரு சீமெந்துச் சரிவு, அது இன்னும் ஒரு அடி. தண்ணி வரக்கூடாது என்று ஒரு திட்டு. பக்கத்து வீட்டார் வேகமாக ஓட்டுகிறார்கள் என்று ஒருவர் தன் இஷ்டத்துக்குக் கட்டிய பம்ப். மகளுக்குத் தட்டு எழுப்ப இறக்கிய மணல், எழுப்பி முடித்து ஒரு வருடமாகியும் கிடக்கும் மிச்ச மணல். அதில் பூனை. மகளுக்கு வீடு கட்டுவதற்காக ஒழுங்கையைத் தின்கிறோம். அதே மகள் பிள்ளை பெற்றதும் அந்த ஒழுங்கையால் அவளுக்கு வெளியே வர முடியவில்லை. யாருக்கு யார் செய்த அநியாயம் இது?

பாதையில் கிடக்கும் தொந்தரவை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் ஓதாதவர் நம் ஊரில் இல்லை. பிறரின் நிலத்தில் ஒரு சாணை அநியாயமாக எடுத்தவனின் நிலை என்ன என்ற ஹதீஸும் எல்லோருக்கும் தெரியும். ஒழுங்கை யாருடைய நிலம்? எல்லோருடைய நிலம். அப்படியென்றால் எத்தனை பேரிடம் ஹலால் தேட வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மால் முடியாது என்று சொல்லாதீர்கள். முடியும் என்பதை மாதத்தில் பல தடவை காண்கிறோம். ஒரு வீட்டில் மௌத்து. பள்ளியில் அறிவித்த பத்து நிமிடத்தில் ஒழுங்கை துப்புரவாகிறது. மோட்டார் சைக்கிள் எல்லாம் வளவுக்குள் போகின்றன. கல்லை ஒதுக்குகிறார்கள், மணலை வாருகிறார்கள். வழக்குப் பேசும் இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்று பாதை விடுகிறார்கள். சந்தூக் எங்கும் தட்டாமல், சரியாமல் போகிறது. அல்ஹம்துலில்லாஹ், இது நம் ஊரின் அழகு. நாங்கள் கேட்பது இதுதான்: ஜனாஸாவுக்கு விலகும் மோட்டார் சைக்கிள், பிறந்து மூன்று மாதமான பிள்ளைக்கு விலகாதா? ஊரை விட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் பாதையை ஊருக்குள் வருகிறவருக்கும் கொடுங்கள்.

சபைக்கும் சொல்ல வேண்டும். 2025 மே 6 ஆம் திகதி வாக்குப் போட்டோம். வீடு வீடாக வந்தீர்கள். கொங்ரீட் வீதி, வடிகான் என்று சொன்னீர்கள். வடிகான் கட்டுவது வேலையின் பாதிதான், அதை மூடுவது மற்றப் பாதி. மூடியை மட்டமாகப் போடுங்கள், வண்டிச் சில்லும் ஊன்றுகோலும் விழாத அளவுக்கு இடைவெளியை ஒடுக்குங்கள். வீதியிலிருந்து நடைபாதைக்கு ஏறும் இடத்தில் சரிவு வையுங்கள். இது பிள்ளை வண்டிக்கு மட்டும் கேட்கும் சலுகை என்று நினைக்க வேண்டாம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. அணுகு வசதி பற்றி 2006 இல் வந்த ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. சக்கர நாற்காலி போகும் பாதையில் பிள்ளை வண்டியும் போகும், முழங்கால் வருத்தக்கார உம்மம்மாவும் போவார்.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிக்கையும் வேண்டாம், அடிக்கல்லும் வேண்டாம். ஒரு பிள்ளை வண்டியில் பத்து கிலோ அரிசியை வைத்து, உங்கள் வட்டாரத்தில் எந்த ஒழுங்கையிலிருந்தாவது கிளினிக் வரை தள்ளிக் காட்டுங்கள். வண்டியைத் தூக்கக்கூடாது. தூக்க வேண்டி வந்த இடங்களை எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் வட்டாரத்தின் வேலைத்திட்டம்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் கழகங்களுக்கும் ஒன்று. நாற்பது நாள் படத்துக்குப் பிறகு மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் வண்டிகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து, பிரேக்கும் பட்டியும் மூட்டும் சரிபார்த்து, வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று இரவல் கொடுக்கலாம். ஜனாஸாவுக்குரிய சாமான்களை ஊருக்குப் பொதுவாக வைத்திருக்கிறோம். பிறந்த பிள்ளைக்குரிய சாமானையும் அப்படி வைப்பதற்கு என்ன தடை? பிள்ளை பார்க்கப் போகும் நாலு பேர் சேர்ந்து, அந்த வீட்டில் ஏற்கனவே ஏழு உள்ள சட்டைக்குப் பதிலாக, ஒரு காற்றுச் சில்லு டியூபைக் கொண்டு போனாலும் நன்மைதான்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கேட்டுக்கு முன்னால் உள்ள பத்தடியைப் பாருங்கள். மணலா, கல்லா, சரிந்து நிற்கும் மோட்டார் சைக்கிளா, உடைந்த மூடியா? அன்றே எடுக்க முடிந்ததை அன்றே எடுங்கள். எடுக்க முடியாததைப் படம் பிடித்து இங்கே போடுங்கள், இடத்தின் பெயரோடு. வீட்டுக்காரரின் பெயர் வேண்டாம், ஒழுங்கையின் பெயர் போதும். சேர்த்துச் சபைக்குக் கொடுக்கும் பொறுப்பை ஆசிரியர்களாகிய நாங்கள் எடுக்கிறோம்.

மூன்று சில்லா, நாலு சில்லா என்று அதற்குப் பிறகு கேளுங்கள். தாராளமாகச் சொல்லித் தருகிறோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.